குட்டநாட்டில் சைக்கிளும் படகும்: வேம்பநாட்டுக் காயலைச் சுற்றிவர ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் குட்டநாட்டைச் சைக்கிளில் மட்டுமே பார்க்கப் போகிறவர், கண்ணுக்கெதிரே தெரியும் அக்கரைக்குப் போக ஒரு பாலத்தைத் தேடிப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். படகில் மட்டுமே போகிறவருக்கு ஜெட்டி என்ற படகுத்துறையைத் தாண்டி ஊருக்குள் போகக் கால் எட்டாது. பம்பை, மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயல் என்ற உப்பங்கழியில் வந்து சேரும் இந்தத் தாழ்நிலத்தில் சாலையும் நீர்வழியும் ஒன்றையொன்று நம்பியே இருக்கின்றன. வெளியூர்க்காரரும் அப்படியே பயணம் செய்வதுதான் சரி. ஒரு நாள் வாடகைக்கு ஹவுஸ்போட் எடுத்துப் பெரும்பகுதி நேரம் கரையில் கட்டிக் கிடப்பதைவிட, ஒரு சைக்கிளும் அரசுப் படகு டிக்கெட்டும் இந்த நிலத்தை உங்களுக்கு நெருக்கமாகக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பயணத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான். முதலில் படகு நேரங்களைத் தாளில் எழுதுங்கள். பிறகு, இரண்டு படகுகளுக்கு இடையே உள்ள நேரத்துக்குள் சைக்கிள் ஓட்டும் தூரத்தை அடக்குங்கள். சாலைப் பயணத்துக்குப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'இன்று எண்பது கிலோமீட்டர்' என்று முடிவு செய்துவிட்டுக் கிளம்பினால், கடைசிப் படகு போன பிறகு ஜெட்டியில் நிற்க வேண்டிவரும்.

எப்போது போவது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும். வரம்புகள் எனப்படும் வயல்கரைப் பாதைகள் மூழ்கும். நீரோட்டமும் வேகமெடுக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டு மக்கள் பெரும் எண்ணிக்கையில் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்ததை மறக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் காலை வெயிலாக இருந்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை பிடிக்கும். மார்ச்சுக்குப் பிறகு வெக்கை தாங்காது.

டிசம்பரிலும் ஒரு சிக்கல் உண்டு. காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. நெல் வயலுக்குள் உப்புநீர் ஏறாமலிருக்க டிசம்பர் நடுவில் அதன் ஷட்டர்களை இறக்குவார்கள். கோடையில்தான் மறுபடி திறப்பார்கள். மூடியிருக்கும் மாதங்களில் அணைக்குத் தெற்கே நீர் தேங்கி நன்னீராகிவிடும், ஆகாயத்தாமரை மண்டும். பெரிய படகுகள் எப்படியோ கிழித்துக்கொண்டு போகும். தோடு எனப்படும் சின்ன வாய்க்கால்களில் வள்ளம் என்ற சிறு படகுகூட நகராத நாள்கள் உண்டு. ஆகவே குறுகிய நீர்வழிகளில் போக ஆசைப்படுகிறவர்கள் அன்று காலையே உள்ளூரில் எந்தத் தோடு திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எந்தச் சைக்கிள்

வேகமான சைக்கிள் இங்கே பயன்படாது. தரை சமதளம், ஏற்றமே இல்லை. ஆகவே கியர் எத்தனை என்பதும் முக்கியமில்லை. ஒரே ஆள் தூக்க முடிகிறதா என்பது மட்டுமே முக்கியம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பைகளைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை ஒரு கையால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அப்படியே ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். அது முடியவில்லையென்றால் ஜெட்டிக்கும் படகுக்கும் இடையே உள்ள நீர் இடைவெளியில் தடுமாறுவீர்கள்.

மடக்குச் சைக்கிள் மிகவும் வசதி. ரயிலிலும் படகிலும் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆனால் சிறிய சக்கரங்கள் வரம்பின் களிமண்ணில் புதையும். வயல் பாதைகளில் அதிகம் போகிறவர்களுக்கு 35 முதல் 45 மி.மீ. அகல டயர் போட்ட ஹைபிரிட் சைக்கிள் நல்லது. சொந்தச் சைக்கிள் கொண்டுபோக முடியாதவர்கள் ஆலப்புழையில் வாடகைக்கு எடுக்கலாம். பிரேக் இரண்டும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பின் கேரியரில் ஒரே பை, ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். கூடவே கொண்டுபோக வேண்டியவை:

- வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்று. போன், பணம், மாற்றுடை எல்லாம் அதற்குள்.
- பக்கிள் வைத்த நாடா இரண்டு, மூன்று மீட்டர் நைலான் கயிறு. கொக்கி போட்ட எலாஸ்டிக் கயிறு வேண்டாம். அலையில் நீண்டு சைக்கிளை ஆட வைக்கும், கழன்றால் கண்ணில் அடிக்கும்.
- பழைய வேட்டித் துணி, முழ அகலத்தில். இது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.
- உங்கள் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட். அரசுப் படகில் தேவைப்படாமல் போகலாம், வள்ளத்தில் நிச்சயம் தேவை.
- பஞ்சர் சாமான், கைப்பம்பு, முன்பின் விளக்கு, நீர்புகாத பிளாஸ்டர்.

ரயிலில் கொண்டுபோவது

சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, கோவை வழியாக வரும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஆலப்புழையிலேயே முடிகிறது. இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் இறங்கினால், பார்சல் பெட்டியிலிருந்து சைக்கிளை இறக்காமலேயே வண்டி கிளம்பிவிடும் அபாயம் உண்டு. கடைசி நிலையத்தில் அந்தக் கவலை இல்லை.

பயணச் சீட்டையும் அடையாள அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு வண்டி கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய் லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பின் கியர் இருக்கும் பக்கத்தைச் சாக்கால் சுற்றி, பெயரையும் சேரும் நிலையத்தையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மடக்குச் சைக்கிளைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகலாம்.

காயங்குளத்தில் பிரியும் இரண்டு ரயில் பாதைகளில் ஒன்று ஆலப்புழை வழியாகவும் மற்றொன்று கோட்டயம் வழியாகவும் போய் எர்ணாகுளத்தில் சேர்கின்றன. காயல் இரண்டுக்கும் நடுவில். ஆகவே ஆலப்புழையில் இறங்கிக் கோட்டயத்தில் ரயில் ஏறலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

படகில் ஏற்றும் முறை

கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் தலைமையகம் ஆலப்புழையில்தான் இருக்கிறது. ஊர் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் படகுகளை அது ஓட்டுகிறது, கட்டணம் மிகக் குறைவு. ஆலப்புழை ஜெட்டி கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற கேரள அரசுப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் நேரப்பட்டியல் கிடைக்கும். இணையத்தில் கண்ட நேரத்தை நம்பாதீர்கள், அங்கே கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். சைக்கிளைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்: "போட்டில் சைக்கிள் கயற்றாமோ?" (படகில் சைக்கிளை ஏற்றலாமா?) கூட்டத்தைப் பொறுத்து முடிவு செய்வார்கள். பள்ளி, அலுவலக நேரத்தில் மறுத்தால் வாதாட வேண்டாம். அந்தப் படகு அவர்களுடையது. அடுத்ததில் போகலாம்.

படகில் போட் மாஸ்டர் டிக்கெட் கொடுப்பார். சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சினைப் பார்ப்பவர் டிரைவர். கயிறு வீசிப் படகைக் கட்டுபவர் லாஸ்கர். பழைய மரப் படகுகளில் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்ராங்க் ஒரு கயிற்றை இழுத்து மணி அடிப்பார், கீழே எஞ்சின் பக்கத்தில் இருக்கும் டிரைவர் அந்த மணியைக் கேட்டே வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். உங்களுக்கு வேண்டியவர் லாஸ்கர். அவர் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அசையாதீர்கள்.

வரிசை இதுதான். இறங்குகிறவர்கள் இறங்கட்டும், ஏறுகிறவர்கள் ஏறட்டும். பையைக் கழற்றித் தோளில் ஒற்றைப் பட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். தவறி விழுந்தால் உதறிவிட முடிய வேண்டும். பிறகு பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்தை முதலில் படகுக்குள் வையுங்கள். அது பலகையில் ஊன்றிய பிறகு கால் எடுத்து வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள். லாஸ்கர் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டாண்டை நம்ப வேண்டாம், முதல் திருப்பத்திலேயே சாய்ந்துவிடும். முன் பிரேக்கை நாடாவால் ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டிவிட்டால் சக்கரம் உருளாது. சட்டத்தை ஒரு தூணோடு கட்டுங்கள். கட்டுமுன் வேட்டித் துணியை எடுத்துச் செயினையும் பல்சக்கரத்தையும் சுற்றிவிடுங்கள். பக்கத்தில் வெள்ளை முண்டு கட்டிய பெரியவர் ஒருவர் கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார்.

காயலைச் சுற்றி இரண்டு நாள்

எல்லாருக்கும் நான் முதலில் சொல்லும் சுற்று இது. சைக்கிள் தூரம் சுமார் 70 கி.மீ., இரண்டு முறை காயலைக் கடக்கிறீர்கள்.

முதல் நாள் காலை ஆலப்புழையிலிருந்து வடக்கே. தேசிய நெடுஞ்சாலை 66-ஐத் தவிர்த்து, மண்ணஞ்சேரி, முகம்மா, தண்ணீர்முக்கம் வழியாகக் காயலோரச் சாலையில் போங்கள். நிழல் இருக்கிறது, கயிறு திரிக்கும் ஊர்கள் வழியில் வருகின்றன. முகம்மா வரை சுமார் 15 கி.மீ. அங்கே ஜெட்டியில் நிறுத்தி, நாளைக்குக் குமரகத்திலிருந்து திரும்பும் படகு நேரத்தைக் குறித்துக்கொண்டு மேலே போகலாம். தவணக்கடவு ஜெட்டியை அடையும்போது சுமார் 35 கி.மீ. முடிந்திருக்கும்.

தவணக்கடவிலிருந்து வைக்கத்துக்குக் காயலைக் கடப்பது இந்தப் பயணத்தின் உச்சம். 2017 ஜனவரியிலிருந்து ஓடும் 'ஆதித்யா', இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகு, இந்தத் தடத்தில்தான் பணியில் அமர்த்தப்பட்டது. 75 பேர் உட்காரலாம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். டீசல் படகில் போய்ப் பழகியவர்களுக்கு அதன் அமைதி வியப்பாக இருக்கும், தண்ணீர் பக்கவாட்டில் வழியும் ஓசையே கேட்கும்.

வைக்கத்தில் இறங்குகிற தமிழர் அவசரப்பட்டுக் கிளம்பக்கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று போராட்டம் தொடங்கிய ஊர் இது. கேரளத் தலைவர்கள் சிறைப்பட்டபோது ஈரோட்டிலிருந்து வந்து போராட்டத்தை ஏற்று நடத்திச் சிறை சென்றவர் பெரியார். 1925 மார்ச்சில் காந்தி படகில் வந்திறங்கியதும் இந்த ஊரின் ஜெட்டியில்தான். தமிழ்நாடு அரசு புதுப்பித்த பெரியார் நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் மறிக்கப்பட்டிருந்த அந்தத் தெருக்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வைக்கத்திலிருந்து தெற்கே வெச்சூர் வழியாகக் குமரகம் சுமார் 20 கி.மீ. வெச்சூரைத் தாண்டியதும் இருபுறமும் வயல்வெளி. குமரகத்தில் தங்குங்கள். இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும், சாலை குறுகலானது, பஸ்கள் இடம் விடாமல் வரும்.

இரண்டாம் நாள் காலையில் குமரகம்–முகம்மா படகு. ஊருக்குள் இருக்கும் தோட்டிலிருந்து கிளம்பி, வீட்டுப் படித்துறைகளை உரசுவதுபோல் போய், திடீரென்று காயலின் அகன்ற வெளிக்குள் நுழையும். முக்கால் மணி நேரத்துக்குள் அக்கரை. முகம்மாவிலிருந்து ஆலப்புழைக்கு அதே 15 கி.மீ. சாலை. முற்பகலிலேயே கடந்துவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் காயல் அலையடிக்கத் தொடங்கும். காற்று மோசமாகிப் படகு நின்றுபோனால் தவிக்க வேண்டாம். வடக்கே வெச்சூருக்குத் திரும்பித் தண்ணீர்முக்கம் தடுப்பணையின்மேல் போகும் சாலையில் சைக்கிளிலேயே காயலைக் கடந்துவிடலாம். இந்த மாற்றுவழி இருப்பதால்தான் புதியவர்களுக்கு இந்தச் சுற்றைப் பரிந்துரைக்கிறேன்.

இதே முகம்மா–குமரகம் தடத்தில் 2002 ஜூலையில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அதிகாலையில் தேர்வெழுதக் கிளம்பிய இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். படகு நிரம்பி வழிகிறதென்று தோன்றினால் ஏறாதீர்கள், ஏறியிருந்தாலும் இறங்கிவிடுங்கள். சைக்கிளோடு வருகிறவர் கூடுதல் எடையோடு வருகிறார் என்பதால் இந்தப் பொறுப்பு அவருக்கு இன்னும் அதிகம்.

உள்நாட்டுக்குள் இன்னொரு நாள்

நேரமிருந்தால் ஆலப்புழையிலிருந்து நெடுமுடிக்குப் படகு ஏறுங்கள். புன்னமடை வழியாகப் போகும். இறங்கி, பம்பை ஆற்றை ஒட்டிச் சம்பக்குளம் வரை சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால், ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைமையான மாதா கோயிலும் பந்தயத்துக்கான நீண்ட சுண்டன் வள்ளங்கள் வைத்திருக்கும் கொட்டகைகளும் வரும். இங்கேதான் நிலத்தின் விசித்திரம் கண்ணுக்குத் தெரியும். சைக்கிளை நிறுத்தி வரம்பின் நடுவில் நில்லுங்கள். ஒரு பக்கம் தோட்டு நீர் உங்கள் கால்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. மறுபக்கம் நெல் வயல் அதைவிடப் பல அடி பள்ளத்தில். கடல்மட்டத்துக்குக் கீழே பயிர் செய்யும் இந்த முறையை 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. வயலிலிருந்து நீரை இறைத்துத் தோட்டில் கொட்டும் 'பெட்டியும் பறையும்' என்ற மரப்பெட்டிப் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் அருகே போய்ப் பாருங்கள்.

வரம்பில் ஓட்டும்போது டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் ஓட்டவே வேண்டாம். ஈரக் களிமண்ணில் சக்கரம் வழுக்கினால் விழ இரண்டு பக்கமும் தண்ணீர்தான். அறுவடை நாள்களில் வரம்பிலேயே நெல்லை எடைபோட்டு மூட்டை கட்டி வள்ளத்தில் ஏற்றுவார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது காத்திருங்கள்.

சின்ன ஆறுகளையும் தோடுகளையும் கடக்க உள்ளூரில் கடத்து வள்ளம் இருக்கும். அக்கரையில் இருந்தால் கூவிக் கூப்பிட வேண்டும். இதில் சைக்கிளை நிற்க வைக்கக்கூடாது. கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி வள்ளத்தின் நடுவில் படுக்க வையுங்கள். நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். வள்ளத்தைத் தள்ளும் கழுக்கோலை ஊன்றுகிறவர் நிற்கிறாரே என்று நீங்களும் நின்றால் வள்ளம் ஆடும். கரை தொட்டதும் எழாமல், அவர் சொன்ன பிறகு எழுந்திருங்கள். சில்லறை வைத்திருங்கள்.

ஒன்றிரண்டு மணி நேரம் குறுகிய தோடுகளில் போக விரும்பினால் துடுப்பு வள்ளத்தை ஆளோடு வாடகைக்குப் பேசலாம். எஞ்சின் படகுகளைவிட இதையே எடுங்கள். விடியற்காலை முதல் ஒன்பது மணி வரை சிறந்த நேரம், ஹவுஸ்போட்டுகள் இன்னும் கட்டிக் கிடக்கும், அலை இருக்காது. மாலை ஐந்தரைக்குப் பிறகு அவை மறுபடி ஒதுங்கிவிடும், ஆனால் அது மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். அவர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது.

சொந்தமாகக் காற்றடைத்த படகு வைத்திருப்பவர்களுக்கு

மடித்துக் கேரியரில் கட்டக்கூடிய, மூன்று நான்கு கிலோ எடையுள்ள காற்றடைத்த படகுகள் இப்போது கிடைக்கின்றன. நன்றாகத் துடுப்பு போடவும் நீந்தவும் தெரிந்தவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம். சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் பெடல்களையும் கழற்றி, சட்டத்தைப் படகின் முன்பக்கத்தில் படுக்க வைத்து, அதன்மேல் சக்கரங்களை வைத்து, நான்கு இடத்தில் நாடாவால் கட்ட வேண்டும். பல்சக்கரத்தையும் டிஸ்க் பிரேக் தகட்டையும் துணி சுற்றி மேற்பக்கம் வையுங்கள், கீழே இருந்தால் படகைக் கிழித்துவிடும். சைக்கிள் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், உங்களோடு எந்தக் கயிறும் இணைந்திருக்கக்கூடாது. கட்டிய பிறகு கரையோரமாகவே சிறிது தூரம் போய்ப் பாருங்கள், முன்பக்கக் கனத்தால் படகு திரும்பும் விதமே மாறியிருக்கும். அமைதியான தோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்த காயலைக் கடக்க இது வேண்டாம், ஹவுஸ்போட் தடங்களிலும் வேண்டாம்.

உடம்புக்கும் சைக்கிளுக்கும்

எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் ஆலப்புழைப் பகுதியில் உண்மையான ஆபத்து. காலில் சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்டர் ஒட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தால், குட்டநாட்டுத் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

ஒவ்வொரு மாலையும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். குழாயை அச்சின்மேல் நேராகப் பாய்ச்சாமல், துணியை நனைத்துத் துடைத்தால் போதும். தடுப்பணைக்கு வடக்கே காயல் நீரில் உப்பு கலந்திருக்கும், ஓரிரவிலேயே செயின் பழுப்பேறும். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். சைக்கிள் முழுவதும் நீரில் விழுந்திருந்தால் சீட் தண்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடித்துவிட்டு, ஊர் திரும்பியதும் இரண்டு சக்கர அச்சுகளையும் பெடல் அச்சையும் பிரித்துப் புது கிரீஸ் போடச் சொல்லுங்கள். ரயில் பார்சலில் ஏற்றுவதற்கு முன்பே செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுவது நல்லது.